தலை வட்டம் இல்லை

மும்பை செம்பூரில் நடிகர் ராஜ்கபூரின் ஆர்.கே. ஸ்டுடியோ இருந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அவருடைய தொப்பிதான் ஞாபகம் வரும். 1955-ல் வந்த 'ஸ்ரீ 420' படத்தில், பொருந்தாத கோட்டும் குட்டைக் கால்சட்டையுமாகப் பம்பாய்க்கு வந்து சேர்வாரே, அப்போது தலையில் இருந்த தொப்பி. 2017-ல் நடந்த தீவிபத்தில் அந்த ஸ்டுடியோ சேர்த்து வைத்திருந்த உடைகள் பலவும் எரிந்துபோயின.

ராஜ்கபூரின் தொப்பி விளிம்பு வைத்தது; நம் தலைக்குப் பழகியவை வேறு. முண்டாசு, குல்லாய், காந்தி தொப்பி, எம்.ஜி.ஆர். தொப்பி: எதற்கும் விளிம்பு கிடையாது. நெல்லைச் சீமையின் பனையோலைத் தொப்பிக்கு விளிம்பு உண்டு. ஆனால் பின்னும்போதே ஓலையை மடக்கி ஓரம் கட்டிவிடுவார்கள், வெட்டும் வேலை இல்லை. ஃபெல்ட் தொப்பியின் கதை அப்படியல்ல.

முயல், பீவர் போன்றவற்றின் ரோமத்தையோ ஆட்டுரோமத்தையோ அழுத்தி இறுக்கிய ஃபெல்ட்டை ஆவியில் நனைத்து, மரத்தலை அச்சின் மேல் இழுத்துப் பொருத்துவார்கள். மேலே தலையை மூடும் கிண்ணம் உருவாகும். கீழே விளிம்பு தாறுமாறாகப் பரந்து கிடக்கும். அதை ஒரே அகலத்துக்கு வெட்ட வேண்டும். காம்பஸ் வைத்து வட்டம் போட்டால் போதாதா?

போதாது. மனிதத் தலை வட்டம் இல்லை. நெற்றியிலிருந்து பிடரிவரை உள்ள நீளம் சுமார் 19 செ.மீ. என்றால், காதுக்குக் காது அகலம் 15 செ.மீ.தான் இருக்கும். முட்டை வடிவக் கிண்ணத்தைச் சுற்றி வட்டம் போட்டு வெட்டினால், முன்னும் பின்னும் இருப்பதைவிடக் காதோரங்களில் விளிம்பு 2 செ.மீ. அகலமாக நிற்கும்.

இதற்குத் தொப்பிக்காரர்கள் கண்ட தீர்வு ஒரு மரத்துண்டு. ஆங்கிலத்தில் அதை 'ரவுண்டிங் ஜாக்' என்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் கடின மரக்கட்டை. அதன் ஒரு பக்கம் கிண்ணத்தின் அடியில் ஒட்டி நகரும்படி வளைவாகச் செதுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து நீளும் அளவுச் சட்டத்தின் நுனியில் சின்னக் கத்தி. வேண்டிய அகலத்துக்குச் சட்டத்தை நகர்த்தித் திருகாணியால் இறுக்கி, கட்டையைக் கிண்ணத்தோடு அணைத்தபடி ஒரு சுற்று வந்தால், கத்தியும் அதே தூரத்தில் கூடவே வரும். மையம் எங்கே என்று யாரும் தேட வேண்டாம். தலை எப்படி வளைகிறதோ, விளிம்பும் அப்படியே வளையும். இன்றும் கையால் தொப்பி செய்கிறவர்களில் சிலர் இந்தக் கருவியைத் தாங்களே மரத்தில் செதுக்கிக்கொள்கிறார்கள்.

மும்பையின் தோல் பட்டறைகள் நிறைந்த தாராவியில் இந்தக் கருவியைத் தேட வேண்டாம். அதன் சூத்திரத்தைத் தேடலாம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெல்லைப் பகுதியிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இங்கே தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினார்கள். அதே சீமையிலிருந்து வந்த தலித் தொழிலாளர்களின் உழைப்பு அதைத் தாங்கியது. 1971-ல் தோல் தந்துகொண்டிருந்த இறைச்சிக் கூடம் பாந்திராவிலிருந்து தேவ்னாருக்குப் போனது. தோல் ஊறும் தொட்டிகள் காலப்போக்கில் மறைந்தன. வெட்டுவதும் தைப்பதும் நிலைத்தன. சயான் பக்கத்துத் தோல் கடைகளில் தொங்கும் பைக்கும் பெல்ட்டுக்கும் பின்னால் இருப்பது அந்த வேலைதான்.

தோல் வேலையில் தையல் கோடு போடுகிறவர் கையில் இருப்பது இரண்டு கால் கவராயம். ஒரு கால் தோலின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போகும், மறு கால் கோடு கிழிக்கும். ஓரம் வளைந்தால் கோடும் வளையும். தச்சரின் மார்க்கிங் கேஜும் இதையேதான் செய்கிறது. ஸ்கேலுக்கு நேர்கோடுதான் தெரியும்; இவற்றுக்கு, எதிரே உள்ள பொருள் எப்படி இருக்கிறதோ அதுவே அளவு.

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை அதானி குழுமம் வென்றது. அதன்பின் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்தது; யாருக்குத் தகுதி, எத்தனை சதுர அடி என்பதே பேச்சு. வீடு வேண்டியதுதான். ஆனால் இங்கே பலருக்கு வீடும் பட்டறையும் ஒன்று. கீழே தோல் வெட்டி, மேலே படுத்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே காம்பஸால் வட்டம் போட்டால் யாருக்கோ விளிம்பு குறையும். திட்டம் வரைகிறவர்கள் முதலில் அந்தப் பட்டறைகளின் ஓரத்தில் கை வைத்து, ஒரு சுற்று நடந்து வரட்டும். அளவு அதற்குப் பிறகு.