அந்த கிளாஸ் எந்த ஜாரிலிருந்து வந்தது?

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய க்ரூவி ஸ்கிரிப்ட், புதிதாக ஒரு லைப்ரரியைச் சேர்த்ததும் 'நோசச்மெத்தட்எரர்' என்று நின்றுவிடுகிறது. ஆவணத்தைத் திறந்து பார்த்தால் அந்த மெத்தட் அங்கே இருக்கிறது. டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

க்ரூவி ஓடுவது ஜேவிஎம் மேல். ஒரு கிளாஸ் தேவைப்பட்டால் கிளாஸ்பாத்தில் உள்ள ஜார்களை அது வரிசையாகத் தேடும். முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். அதே பெயரில் வேறு பதிப்பு பின்னால் இருந்தாலும் எச்சரிக்காது.

குவாவா லைப்ரரியைப் பாருங்கள். அதன் 'ஆப்ஜெக்ட்ஸ்' கிளாஸில் 'டுஸ்ட்ரிங்ஹெல்பர்' என்ற மெத்தட் இருந்தது. 18ஆம் பதிப்பில் அதற்கு மாற்றாக 'மோர்ஆப்ஜெக்ட்ஸ்' வந்தது. 21இல் பழையதை நீக்கிவிட்டார்கள். உங்களுக்கு வேண்டிய ஒரு லைப்ரரி பழையதைக் கூப்பிடுகிறது, இன்னொன்று புதியதை. 17ஐ முன்னால் வைத்தால் ஒன்று உடையும், 21ஐ வைத்தால் மற்றது. ஜார்களின் வரிசையை மாற்றிப் பார்ப்பதை நான் தீர்வாகவே ஏற்பதில்லை. பிழை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் 18 முதல் 20 வரை இரண்டுமே இருந்தன. அந்த இடைவெளிக்குள் ஒரு பதிப்பு இரண்டு லைப்ரரிகளுக்கும் ஒத்துவருமா என்று தேடுவதுதான் முதல் வேலை.

அதற்கும் முன்னால் ஒன்று: இப்போது ஏறியிருப்பது எது என்று ஜேவிஎம்மையே கேளுங்கள். கிளாஸின் 'புரொடக்‌ஷன்டொமைன்', அதற்குள் 'கோட்சோர்ஸ்', அதற்குள் 'லொகேஷன்'. இதை அச்சிட்டால் ஜாரின் முழுப் பாதையும் வந்துவிடும். ஊகித்துப் பதிப்பு மாற்றும் வேதனை மிச்சம்.

அந்தப் பாதை பலமுறை உங்கள் ஹோம் டைரக்டரியில் உள்ள 'டாட் க்ரூவி' ஃபோல்டரின் 'லிப்'பில் போய் முடியும். எப்போதோ போட்டு மறந்த ஜார்கள் அங்கே கிடக்கும்; அவை தாய் கிளாஸ் லோடரில் ஏறுபவை. 'கிராப்' கொண்டு இறக்கும் ஜார்கள் குழந்தை லோடரில் சேர்பவை. லோடர் முதலில் தாயிடம் கேட்கும். அதனால் ஸ்கிரிப்டில் புதிய பதிப்பை எழுதியிருந்தாலும் பழைய ஜாரே ஜெயிக்கும். இங்கே பழையதை அழிப்பதுதான் வழி. வேறொரு லைப்ரரி இழுத்துவரும் சார்பு தொல்லை தந்தால் 'கிராப்எக்ஸ்க்ளூட்' போட்டு வெட்டிவிடலாம்.

பொதுப் பதிப்பே இல்லாவிட்டால் ஷேடிங்: ஒரு லைப்ரரியின் பேக்கேஜ் பெயரையே மாற்றி உள்ளே பொதிந்துகொள்வது. க்ரூவியே தனக்குத் தேவையான ஏஎஸ்எம், ஆன்ட்லர் லைப்ரரிகள் இரண்டையும் 'க்ரூவிஜார்ஜார்' என்ற முன்னொட்டோடு அப்படித்தான் வைத்திருக்கிறது. நீங்கள் தனியாக எந்த ஏஎஸ்எம் சேர்த்தாலும் மோதாது. ஜார் பருக்கும் என்பதால் இதைக் கடைசியாகவே எடுப்பேன்.

க்ரூவி 4க்கு மாறுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அதில் குரூப் பெயர் 'ஆர்க் டாட் கோட்ஹாஸ் டாட் க்ரூவி'யிலிருந்து 'ஆர்க் டாட் அப்பாச்சி டாட் க்ரூவி' ஆனது. வேறொரு லைப்ரரி பழைய க்ரூவியை இழுத்துவந்தால், பெயர் வேறு என்பதால் மேவன் இரண்டையும் வெவ்வேறு லைப்ரரியாக எண்ணி, பழைய க்ரூவியையும் புதியதையும் சேர்த்தே கிளாஸ்பாத்தில் வைத்துவிடும். பழைய குரூப்பை நீங்களேதான் விலக்கி எழுத வேண்டும்.