தாதியத்தில் அறத்தெரிவு: கீழ்ப்படிதலின் எல்லை பற்றிய ஒரு நோக்கு

தாதியத் தொழிலின் அறம் பற்றிப் பேசப்படும்போது கருணை, பொறுமை, தியாகம் ஆகிய பண்புகளே பெரிதும் வலியுறுத்தப்படுகின்றன. இவை வேண்டப்படுவன என்பதில் ஐயமில்லை. ஆயினும், தாதி எதிர்நோக்கும் அறச்சிக்கல்கள் பல, அவர் யாருக்குப் பொறுப்புடையவர் என்னும் வினாவிலிருந்தே எழுகின்றன. கட்டளையிடும் வைத்தியருக்கா, ஊதியம் வழங்கும் நிறுவனத்துக்கா, நோயாளிக்கா?

இவ்வினாவுக்கான விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1893 இல் ஐக்கிய அமெரிக்காவில் இயற்றப்பெற்று, நைற்றிங்கேல் பெயரால் வழங்கும் உறுதிமொழி, வைத்தியருக்கு விசுவாசமாகத் துணைநிற்றலைத் தாதியின் கடமையாகக் கொண்டது. 1953 இல் சர்வதேச தாதியர் சபை ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோவையும் வைத்தியரின் கட்டளைகளை விசுவாசத்துடன் நிறைவேற்றுமாறு பணித்தது. 1973 இல் திருத்தப்பெற்ற கோவையோ, தாதியின் முதற்பொறுப்பு பராமரிப்பை வேண்டிநிற்கும் மக்களுக்கே உரியது எனக் கூறிற்று. இம்மாற்றத்தின் முக்கியத்துவத்தை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக நோக்குவோம்.

1932 இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை, அலபாமா மாநிலத்து டஸ்கீகிப் பகுதியில் ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. சிபிலிசு நோயுற்ற 399 கறுப்பின ஆண்களும் அந்நோயற்ற 201 பேரும் இதில் உட்படுத்தப்பட்டனர். சிகிச்சையளிக்காதுவிடின் நோய் எவ்வாறு முற்றும் என்பதை அவதானிப்பதே நோக்கம். நோயுற்றோருக்கு நோயின் பெயர் கூறப்படவில்லை. 'கெட்ட இரத்தம்' என்றே சொல்லப்பட்டது. 1940களின் பிற்பகுதியில் பெனிசிலின் உரிய சிகிச்சையாக நிலைபெற்ற பின்னரும் அது அவர்களுக்கு வழங்கப்படவில்லை. 1972 இல் பத்திரிகைச் செய்தியால் அம்பலமாகும்வரை, நாற்பது ஆண்டுகள் இவ்வாய்வு நீடித்தது.

இவ்வாய்வின் முக்கிய இணைப்பாக விளங்கியவர் யூனிஸ் ரிவேர்ஸ் என்னும் கறுப்பினத் தாதி. அவர் அம்மனிதரைத் தமது வாகனத்தில் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார். குடும்பங்களின் துன்பங்களைக் கேட்டறிந்தார். மரணச் சடங்குகளிற் பங்குகொண்டார். பிரேத பரிசோதனைக்கு உறவினரின் இசைவையும் பெற்றார். அவரிடம் கருணை இல்லையெனக் கூறுவதற்கில்லை. அக்கருணை தேடித்தந்த நம்பிக்கையே ஆய்வை நீடிக்கச் செய்தது என்பதே இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது.

இவ்வம்பலத்தைத் தொடர்ந்து 1974 இல் சட்டமொன்று இயற்றப்பட்டது. அதன்வழி அமைந்த ஆணைக்குழுவின் பெல்மொண்ட் அறிக்கை 1979 இல் வெளிவந்தது. ஆள் மதிப்பு, நன்மை செய்தல், நீதி என்னும் மூன்று கோட்பாடுகளை அது முன்வைத்தது. நோயின் பெயரையே அறியாதவர் அளிக்கும் இசைவு இசைவாகாது. ஆகவே ஆள் மதிப்பு மீறப்பட்டது. இலவச உணவும் மருத்துவக் கவனிப்பும் ஈமச்செலவுக்கான உதவியும் கிடைத்தன. குணமாக்கும் மருந்து மறைக்கப்பட்டது. சிறு நன்மைகள் பெருந்தீங்கை மூடின. ஆய்வின் சுமை முழுவதும் வறிய கறுப்பின மக்கள்மீதே சுமத்தப்பட்டது, நீதியும் பிறழ்ந்தது.

ஆயினும், ரிவேர்ஸைத் தனியொரு குற்றவாளியாக்குதல் எளிதான விளக்கமாகும். வெள்ளையின ஆண் வைத்தியர் கட்டளையிட, கறுப்பினப் பெண்ணான தாதி அதனை நிறைவேற்றினார். இனம், பால், பதவி ஆகிய மூவகைப் படிநிலைகளும் அவரது தெரிவை நெருக்கின. இது அவரது பொறுப்பை இல்லாமற் செய்யாது. பொறுப்பைச் சுமந்தவர் அவர் மட்டுமல்லர் என்பதையே உணர்த்துகின்றது.

எனவே, ஒரு கட்டளையை நிறைவேற்றுமுன் தாதி சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். நோயாளி உண்மையை அறிவாரா? இச்செயலின் பயன் யாருக்கு? தீங்கு யாருக்கு? மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டா? இவ்வினாக்களைக் கற்பித்தல் மட்டும் போதாது. அவற்றை வாய்திறந்து கேட்கும் தாதி இடமாற்றத்துக்கோ தண்டனைக்கோ அஞ்சவேண்டாத நிலையை நிருவாகமும் சட்டமும் தொழிற்சங்கமும் ஏற்படுத்த வேண்டும். அதிகாரம் ஓரிடத்திலும் பொறுப்பு வேறோரிடத்திலும் இருக்குமாயின், ஒழுக்கக் கோவைகள் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.