அத்தையின் சிங்கப்பூர்: 4 பேர், 5 நாள், 2.5 லட்சம், ஒரு ரூபாய் கடன் இல்லை

போன மாச வீடியோவுல சிங்கப்பூர் ட்ரிப் பத்தி ரெண்டு நிமிஷம்தான் பேசினேன். "கணக்கை முழுசா எழுதுங்க"ன்னு நிறைய பேர் கேட்டீங்க. இதோ.

எங்க ஊர் கீழ்வேளூர். இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு வீடாவது சிங்கப்பூர் காசுல எழும்பின வீடா இருக்கும். தாத்தா காலத்துல நாகப்பட்டினத்துல இருந்து ரஜுலா கப்பல் ஏறினாங்க. இப்ப திருச்சியில இருந்து விமானம். ஆனா போனதெல்லாம் ஆம்பளைங்க. பொம்பளைங்களுக்கு அந்த ஊர்னா கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், ஞாயித்துக்கிழமை போன்.

எங்க மாமா 22 வருஷம் அங்க கப்பல் பட்டறையில வேலை பார்த்தார். இப்ப அவர் இல்லை. அத்தை ஒரு தடவை கூட சிங்கப்பூர் போனதில்லை. ஒரு நாள் பேச்சோட பேச்சா, "அவரு தேக்கா தேக்கான்னு சொல்வாரே பாப்பா, அது எப்படித்தான் இருக்கும்?"னு கேட்டாங்க. அன்னைக்கு முடிவு பண்ணினதுதான் இந்த ட்ரிப். நான், அம்மா, பெரியம்மா, அத்தை. 2025 மே மாசம். ஜூன் 12 மேட்டூர் திறந்துட்டா குறுவை வேலை வந்துடும், அப்புறம் யாரையும் நகர்த்த முடியாது.

முதல் சண்டை: யார் காசு?

நான் கொடுக்கிறேன்னு சொன்னேன். அத்தை ஒத்துக்கல. அவங்ககிட்ட இருக்கறது 6 லட்சம் எஃப்டி, மாமா விட்டுட்டுப் போனது. அதுல இருந்து ஒரு லட்சம் எடுக்கறேன்னு நின்னாங்க.

ஒரு சிஏவா என் பதில் ஒண்ணுதான். அறுபது தாண்டின ஒருத்தருக்கு அதுதான் ஆஸ்பத்திரிச் செலவு, அதுதான் அவசர நிதி. முதிர்வுக்கு முன்னாடி உடைச்சா வட்டியும் குறையும். சுற்றுலாவுக்கு அதைத் தொடக் கூடாது.

ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் அவங்களே வந்தாங்க. "சரி, முதலைத் தொடல. வட்டி என்னோடதுதானே? அதைக் கொடுக்கறேன். அவரு அந்த ஊர்ல சம்பாதிச்ச காசு, அங்கயே கொஞ்சம் செலவாகட்டும்."

7% வட்டிக்கு வருஷம் 42,000 ரூபாய். இதைவிட நல்ல நிதித் திட்டத்தை நானே போட்டிருக்க மாட்டேன்.

செலவுக் கணக்கு (4 பேருக்கு)

- திருச்சி – சிங்கப்பூர் போக வர டிக்கெட்: 72,000
- விசா: 12,000
- லிட்டில் இந்தியா பக்கம் 2 ரூம், 4 இரவு: 80,000
- சாப்பாடு, பஸ், ரயில், டாக்சி: 50,000
- நுழைவுச் சீட்டுகள்: 30,000
- பயணக் காப்பீடு: 6,000

மொத்தம் 2,50,000. தலைக்கு 62,500. ஷாப்பிங் அவரவர் பை.

பெரியம்மா பங்கை அவங்க பையன் கொடுத்தான். அத்தை 42,000 போட்டாங்க, மீதி 20,500 நான். என் பங்கு, அம்மா பங்கு எல்லாம் சேர்த்து என் தலையில 1,45,500. இதுக்காக 14 மாசம் முன்னாடியே மாசம் 10,000-க்கு ஒரு ஆர்டி ஆரம்பிச்சேன். 6.5% வட்டியோட ஏறக்குறைய 1,45,700 வந்துச்சு. சரியா அடங்கிடுச்சு.

இதையே பர்சனல் லோன்ல போயிருந்தா? 1,45,000 கடன், 14% வட்டி, 12 மாசம்னா இஎம்ஐ 13,000 சொச்சம். வட்டி மட்டும் 11,200. 2% பிராசஸிங் கட்டணம், அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்தா இன்னொரு 3,400. ஆர்டியில வந்த 5,700 வட்டியும் கிடைச்சிருக்காது. மொத்த வித்தியாசம் 20,000 ரூபாய்க்கு மேல. அத்தைக்காக நான் போட்ட தொகை கிட்டத்தட்ட அதேதான். காத்திருந்த 14 மாசம் அத்தை பங்குல மூணுல ஒரு பங்கைக் கட்டிடுச்சு!

பேக்கேஜா, தனித்தனியா?

ஒரு ஏஜென்ட் 3 லட்சத்துக்கு பேக்கேஜ் சொன்னார். "யார் பான் கார்டு வேணா கொடுங்க மேடம், ஒண்ணும் பிரச்சனை இல்ல"ன்னார். பிரச்சனை இருக்கு.

நாங்க போனப்ப இருந்த விதிப்படி, வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ஒரு நிதியாண்டுல 10 லட்சம் வரை 5%, அதுக்கு மேல 20% டிசிஎஸ். 3 லட்சத்துக்கு 15,000. இது கூடுதல் வரி இல்ல, உங்க வருமான வரியில கழிச்சுக்கலாம். ஆனா யார் பான்ல பிடிச்சாங்களோ, அவங்கதான் கேட்க முடியும். அத்தை பான்ல போயிருந்தா, வரியே இல்லாத அவங்க அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க ஐடிஆர் போட்டுக் காத்திருக்கணும். சம்பளக்காரங்களான உங்க பான்ல போனா, ஆபீஸ்ல அதுக்கான படிவம் கொடுத்து சம்பள டிடிஎஸ்-லயே சரிபண்ணிக்கலாம். இந்த வசதி 2024 அக்டோபர்ல இருந்து இருக்கு.

டிக்கெட் மட்டும் தனியா, ஹோட்டல் மட்டும் தனியா புக் பண்ணினா அது பேக்கேஜ் கணக்குல வராது. நாங்க அப்படித்தான் பண்ணினோம். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், புக் பண்ற அன்னைக்கு ஒரு தடவை பார்த்துக்கோங்க.

இன்னும் ரெண்டு விஷயம்:

1. உங்களுக்கோ வேற யாருக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கு வருஷத்துல 2 லட்சத்துக்கு மேல நீங்க செலவு பண்ணினா, வருமானம் வரம்புக்குக் கீழ இருந்தாலும் ஐடிஆர் கட்டாயம்.

2. எல்டிஏ க்ளெய்ம் பண்ணலாமான்னு கேட்கறீங்க. முடியாது. அது இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும். நடுவுல வெளிநாடு சுத்திட்டு இந்திய ஊர்ல முடிச்ச பயணத்துக்கும் கிடையாதுன்னு 2022 நவம்பர்ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு.

நகைக் கணக்கு

கிளம்பறப்பவே பெரியம்மா "அங்க தங்கம் மலிவாமே"ன்னு ஆரம்பிச்சாங்க. பெண்களுக்கு 40 கிராம் சலுகைங்கறது ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல தங்கிட்டுத் திரும்பறவங்களுக்கு. 5 நாள் டூரிஸ்டுக்கு இல்ல. அங்க நகைக்கு 9% ஜிஎஸ்டி, இங்க 3%. டூரிஸ்ட் ரீஃபண்ட் வாங்கினாலும் செய்கூலி, இங்க வந்தா சுங்கம்னு பார்த்தா லாபம் ஒண்ணும் பெருசா இல்ல. அதைவிட முக்கியம்: போட்டுட்டுப் போற நகைக்கு, கிளம்பற ஏர்போர்ட் கஸ்டம்ஸ்லயே ஏற்றுமதிச் சான்று வாங்கிடுங்க. திரும்பி வர்றப்ப "இது அங்க வாங்கினதா?"ங்கற கேள்வியே வராது.

கார்டு மிஷின்ல "ரூபாயா, டாலரா"ன்னு கேட்டா எப்பவும் சிங்கப்பூர் டாலர். ரூபாய்னு அழுத்தினா அவங்க வைக்கிற ரேட்தான். அரைவல் கார்டு அரசுத் தளத்துல இலவசம், காசு கேட்கிற தளம் போலி.

காசில்லாம பார்த்தது

கார்டன்ஸ் பை தி பே வெளித் தோட்டம், ராத்திரி அந்த பெரிய மரங்கள்ல நடக்கற ஒளிக்காட்சி, மெர்லயன், எல்லாமே இலவசம். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827-ல ஆரம்பிச்சது. தெலுக் ஆயர் தெருவுல நாகூர் தர்கா ஒண்ணு இருக்கு, 1830 வாக்குல கட்டினது. நம்ம ஊர்ல இருந்து எட்டிப் பார்க்கிற தூரத்துல இருக்கிற நாகூரை, கடல் தாண்டிப் பார்த்து அம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. ரயில் நிலையத்துல தமிழ்ப் பலகை. ரெண்டாவது நாளே மூணு பேரும் என்னை விட்டுட்டுத் தனியா கிளம்பிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தேக்கா போனோம். லீவு நாள், ஆயிரக்கணக்குல நம்ம பசங்க. புல்தரையில உட்கார்ந்து ஆளாளுக்கு வீடியோ கால். அத்தை ஒரு ஓரமா ரொம்ப நேரம் நின்னாங்க.

"இங்க நின்னுதான் பேசியிருப்பாரு. பின்னாடி ஒரே சத்தமா கேட்கும். எங்கடா கூத்தடிக்கிறாருன்னு நான் திட்டுவேன்."

அப்புறம் ஒண்ணும் பேசல. முஸ்தபாவுல ஒரு டஜன் கோடாலித் தைலம் வாங்கினாங்க, தெருவுக்குக் கொடுக்க. 100 டாலர் வராததால ஜிஎஸ்டி ரீஃபண்ட் இல்லன்னு சொன்னேன். "போகட்டும் விடு, அவரு மட்டும் திரும்ப வாங்கிட்டா வந்தாரு?"

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு அத்தை, ஒரு அம்மா இருப்பாங்க. அவங்க சேமிப்பைத் தொடாம, நீங்க கடனும் வாங்காம கூட்டிட்டுப் போக முடியும். தேவை ஒரு தேதி, ஒரு ஆர்டி. இந்த மாசச் சம்பளத்துலயே ஆரம்பிச்சிடுங்க.

திருச்சியில இருந்து ரயில்ல வந்துட்டிருந்தோம். கீழ்வேளூர் வரப்போகுது, பையெல்லாம் இறக்கி வெச்சாச்சு. அத்தை மெதுவா கேட்டாங்க: "பாப்பா, அடுத்த வருஷ வட்டி எப்ப வரும்?"