மின் சுருதிப் பெட்டியை நாமே செய்யலாம்

ஆண்டிபட்டி வட்டாரத்து ஊர்களில் அம்மன் கோயில் பொங்கலாயினும், திருமண ஊர்வலமாயினும், மார்கழி பஜனையாயினும் இசை ஒலிக்கவே செய்கிறது. ‘சுருதி மாதா, லயம் பிதா’ என்பது முதுமொழி. லயத்திற்குத் தவிலும் தாளமும் நம்மிடம் உள்ளன. சுருதிக்குத் துணை தேடுவதே பல சிறு குழுக்களுக்கு இன்று கடினமாக இருக்கிறது. அத்துணையைச் சிறு செலவில் நம் கையாலேயே செய்துகொள்ளும் முறையைப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாய அன்பர்களுக்கும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முற்காலத்தில் நாயனக் குழுவில் ஒருவர் ஒட்டு என்னும் நீண்ட குழலை இடைவிடாது ஊதுவார். அது ஆதார சட்ஜத்தை மட்டுமே ஒலிக்கும். பின்னர் துருத்தியுள்ள சுருதிப் பெட்டி வந்தது. பெங்களூரைச் சேர்ந்த குழலிசைக் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ்நாராயண் 1979ஆம் ஆண்டில் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். இன்று கச்சேரி மேடைகளில் மின்னணுப் பெட்டியே பெரிதும் காணப்படுகிறது.

கைபேசியிலேயே சுருதி கேட்கலாமே என்று சிலர் வினவலாம். கேட்கலாம், ஆனால் பாட்டின் நடுவே அழைப்பு வந்தால் சுருதி நின்றுவிடும். மேலும், கைபேசி நம் பிள்ளைகளுக்கு எதையும் செய்யக் கற்பிப்பதில்லை. தாமே செய்த பெட்டி பழுதுபட்டால் தாமே சீர்செய்துகொள்ளலாம்.

பெட்டி இயங்கும் விதம்

ஒலி என்பது அதிர்வு. ஒரு கட்டைச் சுருதியில் மத்திய ஸ்தாயி சட்ஜம் வினாடிக்குச் சுமார் 262 முறை அதிர்கிறது. பஞ்சமம் அதற்கு ஒன்றரை மடங்கு, அதாவது 393 முறை. மேல் சட்ஜம் இரு மடங்கு.

இவ்வதிர்வை உண்டாக்குவது 1972ஆம் ஆண்டு முதல் விற்பனையில் இருந்துவரும் 555 என்னும் ஐ.சி. இதன் வேலையை நீர்த்தொட்டிக்கு ஒப்பிடலாம். கண்டென்சரே தொட்டி, ரெசிஸ்டரே மடை. தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் 555 அதை வடியவிடுகிறது. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் மீண்டும் நிரப்புகிறது. மடையைச் சுருக்கினால் நிரம்பத் தாமதமாகும், சுருதி தாழும். அகலப்படுத்தினால் சுருதி உயரும். இம்மட்டங்கள் செல்லின் மின்னழுத்தத்தில் இத்தனை பங்கு என்று அமைந்திருப்பதால், செல் சற்றுத் தளர்ந்தாலும் சுருதி பெரிதாக மாறுவதில்லை.

வேண்டிய பொருள்கள்

555 ஐ.சி. 2; ஒலியைப் பெருக்க எல்.எம். 386 ஐ.சி. 1, 8 ஓம் ஸ்பீக்கர் 1, 0.1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கண்டென்சர் 3. 1, 100, 220 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒவ்வொன்று. 1, 10, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் இவ்விரண்டு. திருகும் கண்ட்ரோல் 47 கிலோ ஓமில் 2, 10 கிலோ ஓமில் 1. பேனா டார்ச் செல் 6. சுவிட்சு, துளையிட்ட பலகை, மரப்பெட்டி.

இணைக்கும் முறை

ஒவ்வொரு 555-இலும் 4, 8ஆம் கால்களை நேர்முனையிலும், 1ஆம் காலை எதிர்முனையிலும் சேர்க்க வேண்டும். 8-க்கும் 7-க்கும் இடையே 1 கிலோ ஓம்; 7-க்கும் 6-க்கும் இடையே 10 கிலோ ஓமும் 47 கிலோ ஓம் கண்ட்ரோலும் ஒன்றன்பின் ஒன்றாக. 2, 6ஆம் கால்களை ஒன்றாக்கி, அங்கிருந்து எதிர்முனைக்கு ஒரு 0.1 கண்டென்சர். கண்ட்ரோலும் 10 கிலோ ஓமும் சேர்ந்து சுமார் 27 கிலோ ஓம் ஆகும்போது ஒரு கட்டைச் சட்ஜம் கிடைக்கும். 18 ஆகும்போது பஞ்சமம் கிடைக்கும்.

இரு 555-களின் 3ஆம் கால்களிலிருந்தும் தலா 100 கிலோ ஓம் வழியாக ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். அவ்விடத்திலிருந்து எதிர்முனைக்கு மூன்றாவது 0.1 கண்டென்சர், இது ஒலியின் கரகரப்பைத் தணிக்கும். அங்கிருந்தே 1 மைக்ரோஃபாரட் வழியாக 10 கிலோ ஓம் கண்ட்ரோலின் ஒரு முனைக்குச் செல்ல வேண்டும். அதன் மறுமுனை எதிர்முனைக்கு. நடுக்கால் 386-இன் 3ஆம் காலுக்கு. 386-இல் 6 நேர்முனை. 2, 4 எதிர்முனை. 5ஆம் காலிலிருந்து 220 மைக்ரோஃபாரட் வழியாக ஸ்பீக்கருக்கும், ஸ்பீக்கரின் மறுமுனையிலிருந்து எதிர்முனைக்கும் கம்பி செல்லும். 100 மைக்ரோஃபாரட் கண்டென்சரைச் செல்லின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைக்கலாம்.

சுருதி சேர்த்தல்

நாயனத்தையோ ஆர்மோனியத்தையோ ஒலிக்கச் செய்து கண்ட்ரோலை மெல்லத் திருக வேண்டும். இரு ஒலிகளும் நெருங்குகையில் ஓர் அலைவு கேட்கும். வினாடிக்கு இரண்டு அலைவு கேட்டால், அதிர்வில் இரண்டு வித்தியாசம் உள்ளது என்று பொருள். அலைவு நின்றதும் சுருதி சேர்ந்துவிட்டது. முதலில் சட்ஜத்தையும், பின்னர் பஞ்சமத்தையும் சேர்ப்பது முறை. வெயிலில் வைத்தால் சுருதி நகரக்கூடும். ஆகையால் பெட்டியை நிழலில் வைத்தல் நலம்.

கவனிக்க வேண்டுவன

இப்பெட்டியின் நாதம் தம்புராவின் நாதம் அன்று. ஆர்மோனிய நாதத்தை ஒத்தது. பயிற்சிக்கும், பள்ளிக் கூட்டுப் பாட்டுக்கும், சிறு பஜனைக்கும் போதுமானது. ஒட்டு ஊதும் கலைஞர் உள்ள குழுவில் அவரை நீக்கிவிட்டு இதை வைப்பது முறையன்று. துணையில்லாதவர்க்குத் துணையாவதே இதன் நோக்கம்.

செல்லால் இயங்குவதால் பெட்டியில் மின் அபாயம் இல்லை. சால்டரிங் அயர்ன் மட்டும் வீட்டு மின்சாரத்தில் இயங்குவது; அதற்கு எர்த் இணைப்புள்ள மூன்று முள் பிளக் அவசியம். ஈயம் கலந்த பற்று ஆதலின், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்து, முடித்ததும் கைகளைக் கழுவ வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியது யாதெனில், நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு மேசை, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டி மீட்டர் ஆகியவற்றை ஏற்பாடு செய்து, விடுமுறை நாளில் வானொலி பழுதுபார்ப்பவர் ஒருவரையும் நாயனக் கலைஞர் ஒருவரையும் சேர்த்து அழைப்பதே. ஒருவர் கைவேலையைக் கற்பிப்பார். மற்றவர் காதைப் பழக்குவார். சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் தறியில் அறுந்த இழையைப் பிணைக்கும் விரல்களுக்கு இந்நுண்பணி கடினமன்று. ஊருக்கு ஒரு பெட்டி செய்யப்பட்டால் ஊர்ப் பாட்டு சுருதி சேரும். அதைச் செய்த பிள்ளைகளிடம் ஒரு தொழிலின் முதற்பாடமும் நிலைக்கும்.