திரைக்கு வெளியே ஒரு ஹீரோ!

குட்டீஸ்... திருப்பூர் காதர்பேட்டை பக்கம் போயிருக்கிறீர்களா? ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கடைக்குக் கடை டி-சர்ட்கள் தொங்கும். அவற்றில் பாதிக்கு மேல் படம் போட்டவை. பறக்கும் வீரர், முகமூடி வீரர், கார்ட்டூன் பூனை, விண்வெளிக் கப்பல்... எதை எடுப்பது, எதை விடுவது என்றே தெரியாது!

சரி, ஒரு கேள்வி. உங்கள் டி-சர்ட்டில் இருக்கும் அந்த ஹீரோ, திடீரென்று உங்கள் முன்னால் வந்து நின்றால் என்ன பேசுவீர்கள்? "ஒரு ஆட்டோகிராப் ப்ளீஸ்" என்பீர்களா? அல்லது பேச்சே வராமல் நிற்பீர்களா?

அப்படி நேரில் சந்திப்பதற்கென்றே உலகின் பல நாடுகளில் ரசிகர் மாநாடுகள் நடக்கின்றன. ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடித்தவர்களும், அதைப் பார்த்து ரசித்தவர்களும் ஒரே கூரையின் கீழ் கூடுவார்கள். புத்தகத் திருவிழாவில் எழுத்தாளர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாரே, கிட்டத்தட்ட அதுபோலத்தான். அப்படி ஒரு மாநாட்டில் ஒரு ரசிகைக்கும் ஒரு நடிகருக்கும் நடந்த சந்திப்பைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முடிந்துபோன தொடருக்கு மூவாயிரம் பேர்!

1966-ம் ஆண்டு செப்டம்பர் 8. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் டிரெக்' என்ற தொடர் ஆரம்பமானது. 'எண்டர்பிரைஸ்' என்ற விண்வெளிக் கப்பலில் ஒரு குழு கிரகம் கிரகமாகப் பயணம் செய்யும் கதை. கேப்டன் பெயர் கிர்க். கூர்மையான காது கொண்ட ஸ்பாக் அவருக்கு அடுத்தவர். கப்பல் பழுதானால் சரிசெய்யும் தலைமைப் பொறியாளர் ஸ்காட்டி.

79 பகுதிகள் வந்தன. 1969-ல் தொடரை நிறுத்திவிட்டார்கள். 'அவ்வளவுதான், கதை முடிந்தது' என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால், மறு ஒளிபரப்பு தொடங்கியதும்தான் ரசிகர் கூட்டம் பெருகியது!

1972-ம் ஆண்டு ஜனவரியில், நியூயார்க் நகரின் ஒரு ஓட்டலில் ரசிகர்களே சேர்ந்து ஒரு மாநாடு நடத்தினார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவர்களோ மூவாயிரத்துக்கும் மேல்! தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி வந்தார். அறிவியல் கதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் வந்தார். நாசா நிறுவனம் கண்காட்சிப் பொருள்களை அனுப்பி வைத்தது. அதன்பிறகு இப்படிப்பட்ட மாநாடுகள் ஊர் ஊராக நடக்க ஆரம்பித்தன.

சுருங்கிய சட்டை, மாறிய நிறம்!

இந்த இடத்தில் திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் சட்டென்று புரியக்கூடிய ஒரு வேடிக்கையைச் சொல்லட்டுமா?

ஸ்டார் டிரெக் நடிகர்கள் முதல் இரண்டு ஆண்டுகள் அணிந்த சீருடை, 'வெலூர்' என்ற மெத்தென்ற துணியில் தைக்கப்பட்டது. பார்க்க அழகு. ஆனால், ஒவ்வொரு முறை சலவைக்குப் போய் வரும்போதும் சுருங்கிவிடும்! விண்வெளியை ஆளும் வீரர்கள், சட்டை மேலே ஏறிவிடாமல் இழுத்து விட்டுக்கொண்டே நடிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் ஆண்டில்தான் சுருங்காத வேறு பின்னல் துணிக்கு மாறினார்கள். பின்னல் துணி சுருங்கும் என்பதும், சுருங்காமல் இருக்க 'காம்பேக்டிங்' செய்ய வேண்டும் என்பதும் பனியன் கம்பெனிக்குப் போகிற அப்பாவையோ, அம்மாவையோ, அக்காவையோ கேட்டால் உடனே சொல்லிவிடுவார்களே!

இன்னொன்று. கேப்டன் கிர்க்கின் சட்டை மஞ்சள் கலந்த தங்க நிறம் என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அந்தத் துணி பச்சை! படப்பிடிப்பு விளக்குகளின் வெளிச்சத்திலும் பிலிமிலும் அது தங்க நிறமாகப் பதிந்துவிட்டது.

நம் ஊர்ச் சாய ஆலைகளில் 'லைட் பாக்ஸ்' என்று ஒரு பெட்டி இருக்கும். சாயம் போட்ட துணியை அதற்குள் வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரிகிற இரண்டு துணிகள், கடை விளக்கில் வெவ்வேறாகத் தெரியலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனை.

நடிகர்களும் இப்படித்தான் குட்டீஸ். படப்பிடிப்பு விளக்கில் தெரிவது ஒரு நிறம். சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் வேறு நிறம். ஸ்காட்டி என்ற பொறியாளரை அந்த வெளிச்சத்தில் பார்ப்போமா?

பொறியாளர் இல்லாத பொறியாளர்

ஸ்காட்டியாக நடித்தவர் பெயர் ஜேம்ஸ் டூஹன். கனடா நாட்டில் 1920-ல் பிறந்தவர். ஸ்காட்லாந்துக்காரர் போலப் பேசுவாரே தவிர, அது அவர் கற்றுக்கொண்ட உச்சரிப்பு. கப்பலின் எந்த இயந்திரத்தையும் நொடியில் சரிசெய்வாரே தவிர, அவர் நிஜப் பொறியாளர் இல்லை.

ஆனால், திரையில் யாரும் காணாத ஒரு வீரம் அவரிடம் நிஜமாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6-ந் தேதி பிரான்ஸ் நாட்டின் நார்மண்டி கடற்கரையில் இறங்கிய கனடாப் படையில் அவரும் ஒருவர். குண்டடிபட்டு, வலது கையின் நடுவிரலை இழந்தார். பிற்பாடு நடிக்கும்போது அந்தக் கை கேமராவில் தெரியாதபடி கவனமாக மறைத்துக் கொள்வார்.

தொடர் நின்றபிறகு அவருக்குக் கஷ்ட காலம். எந்த வேடத்துக்குப் போனாலும், "நீங்கள் ஸ்காட்டி ஆயிற்றே!" என்று திருப்பி அனுப்பினார்கள். நொந்துபோனவர், தம் பல் மருத்துவரிடம் புலம்பினார். "நீங்கள் போனபிறகும் உலகம் உங்களை ஸ்காட்டி என்றுதான் சொல்லும். அதை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளுங்களேன்" என்ற பொருளில் அறிவுரை சொன்னாராம் மருத்துவர். டூஹன் ஏற்றுக்கொண்டார். ரசிகர் மாநாடுகளுக்குச் சளைக்காமல் போக ஆரம்பித்தார்.

ஒரு கடிதம்... ஒரு தொலைபேசி அழைப்பு!

ஒருநாள் டூஹனுக்கு ஒரு இளம் ரசிகையிடமிருந்து கடிதம் வந்தது. படித்ததும் திடுக்கிட்டார். வழக்கமான பாராட்டுக் கடிதம் அல்ல அது. வாழ்க்கையே வெறுத்துப்போய், தாங்க முடியாத துயரத்தில் ஒரு பெண் எழுதியிருந்தார்.

நூற்றுக்கணக்கான கடிதங்களில் இதுவும் ஒன்று என்று டூஹன் ஒதுக்கவில்லை. உடனே அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் பேசினார். இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் மாநாட்டுக்கு நான் வருகிறேன், உன்னை அங்கே பார்க்க வேண்டும் என்றார்.

அந்தப் பெண் வந்தார். எந்த நிலையில் வந்திருக்கிறார் என்பது பார்த்தவுடன் டூஹனுக்குப் புரிந்தது. பேசினார். விடைபெறும்போது, "இரண்டு வாரம் கழித்து செயின்ட் லூயிஸ் நகரில் இருப்பேன். அங்கேயும் வர வேண்டும்" என்றார். அங்கேயும் வந்தார். பிறகு இன்னொரு ஊர். இன்னும் ஒரு ஊர். இரண்டு, மூன்று ஆண்டுகள் இப்படியே மாநாடு மாநாடாகச் சந்திப்பு தொடர்ந்தது.

டூஹன் அவருக்குப் பணம் தரவில்லை. மந்திரம் எதுவும் போடவில்லை. ஒவ்வொரு முறையும் நம்பிக்கையான நாலு வார்த்தை பேசினார். 'அடுத்த முறையும் வா' என்றார். அவ்வளவுதான்!

பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து தகவலே இல்லை. என்ன ஆனாரோ என்று டூஹன் கவலைப்பட்டார். எட்டு ஆண்டுகள் ஓடின. ஒருநாள் கடிதம் வந்தது. 'நீங்கள் செய்த எல்லாவற்றுக்கும் நன்றி. மின்னணுப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றுவிட்டேன்!' என்பதே அதன் சாரம்.

பார்த்தீர்களா குட்டீஸ்! பொறியாளராக நடித்தவரைச் சந்தித்தவர், நிஜப் பொறியாளர் ஆகிவிட்டார். 1997-ல் வெளியான ஒரு ஆவணப்படத்தில் இதைச் சொல்லும்போது டூஹனுக்குக் கண் கலங்கிவிடும். வாழ்க்கையில் தாம் செய்ததிலேயே சிறந்த காரியம் இதுதான் என்கிறார் அவர்.

நிலாவில் நடந்தவரும் வந்தார்!

2004-ம் ஆண்டு ஆகஸ்ட். டூஹனுக்கு வயது 84. ஞாபக மறதி நோய் வந்திருந்தது. அவருக்கு விடை கொடுக்க ரசிகர்கள் ஒரு மாநாடு நடத்தினார்கள். அந்த மேடையில் பேச ஒருவர் வந்தார். அரங்கமே அதிர்ந்தது. வந்தவர், நிலாவில் முதன்முதலில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்!

விண்வெளிக்குப் போனதுபோல நடித்தவரைப் பாராட்ட, நிஜமாகவே விண்வெளிக்குப் போய் வந்தவர் வந்தார். ஆம்ஸ்ட்ராங்கும் பொறியியல் படித்தவர். பழைய பொறியாளர் ஒருவர் இன்னொரு பழைய பொறியாளருக்கு நன்றி சொல்வதாகவே அவர் பேச்சை முடித்தார்.

மறு ஆண்டு ஜூலையில் டூஹன் காலமானார்.

நம் நாட்டில்...

நம் நாட்டிலும் இப்படி ரசிகர்கள் உண்டு. 1987-ல் தூர்தர்ஷனில் 'ராமாயண்' தொடங்கியது. ராமராக நடித்த அருண் கோவிலைப் பார்த்தால், பெரியவர்கள்கூடக் காலில் விழுவார்கள். ஒருமுறை தென்னாட்டுப் படம் ஒன்றில் நடித்துக்கொண்டிருந்தபோது, இடைவேளையில் அவர் மறைவாகப் போய் சிகரெட் பிடித்தார். அதைப் பார்த்த ஒருவர் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டார். மொழி புரியாத அருண் கோவில், பக்கத்திலிருந்தவரிடம் அர்த்தம் கேட்டார். 'உங்களை ராமராக நினைத்திருக்கிறோம். நீங்கள் சிகரெட் பிடிக்கிறீர்களே!' என்று திட்டியிருக்கிறார் அந்த ரசிகர். அன்றோடு சிகரெட்டை விட்டுவிட்டதாக அருண் கோவிலே பின்னாளில் சொன்னார். இங்கே நடிகரை ரசிகர் திருத்திவிட்டார்!

ஆனால், நடிப்பை நிஜம் என்று நம்புவதில் ஆபத்தும் உண்டு. 1997 முதல் 2005 வரை ஒளிபரப்பான 'சக்திமான்' தொடர் உங்கள் அண்ணன், அக்காக்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஆபத்தில் மாட்டிக்கொண்டால் சக்திமான் பறந்து வந்து காப்பாற்றுவார் என்று நம்பி, சில குழந்தைகள் விபரீதமான செயல்களில் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. உடனே சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவே தொடரில் தோன்றி, 'நான் செய்வதைப் பார்த்து நீங்கள் செய்யாதீர்கள்' என்று குழந்தைகளை எச்சரித்தார். தான் பறப்பவன் இல்லை என்று ஹீரோவே சொல்வதும் ஒரு வீரம்தானே?

இப்போது இந்தியாவிலும் 'காமிக் கான்' என்ற ரசிகர் திருவிழா நடக்கிறது. 2011-ல் டில்லியில் தொடங்கி, 2024 பிப்ரவரியில் சென்னைக்கும் வந்துவிட்டது. பிடித்த பாத்திரம் போல உடையணிந்து ரசிகர்கள் வருவார்கள். அந்த உடைகளைப் பார்க்கும்போது, திருப்பூர்ப் பிள்ளைகளுக்குத் தையலும் பிரிண்டிங்கும்தான் முதலில் கண்ணில் படும்!

நீங்கள் சந்தித்தால்...

பிடித்த நடிகரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தால் இவற்றை நினைவில் வையுங்கள்:

* பெரியவர்கள் துணையுடன் போங்கள். பெரிய மாநாடுகள் பலவற்றில் கையெழுத்துக்கும் புகைப்படத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

* வரிசையில் நில்லுங்கள். பின்னால் நிற்பவருக்கும் உங்களைப்போலவே ஆசை இருக்கும்.

* அவர் களைத்துப் போயிருக்கலாம். ஒரு வார்த்தை பேசிவிட்டு அனுப்பினால் வருத்தப்படாதீர்கள். அவரும் மனிதர்தான்.

* ஒரு நல்ல கேள்வியைத் தயாராக வைத்திருங்கள். "அந்தக் காட்சியை எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்டால் அவருக்கும் பேச உற்சாகம் வரும்.

* மனசு சரியில்லையா? அதற்கு நடிகரைத் தேடிப் போக வேண்டியதில்லை. அம்மா, அப்பா, டீச்சர், பெரியம்மா, மாமா... யாரிடமாவது மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான 1098 என்ற இலவசத் தொலைபேசி உதவியும் உண்டு.

இன்னொரு விஷயம் குட்டீஸ். ஒரு டி-சர்ட் உங்கள் கைக்கு வருவதற்குள் பின்னுபவர், சாயம் போடுபவர், வெட்டுபவர், தைப்பவர், செக்கிங் செய்பவர் என்று எத்தனை கைகளைக் கடந்து வருகிறது! துணிக்கு முன்னால் நிற்பது ஹீரோவின் படம். பின்னால் நிற்பது நம் வீட்டு மனிதர்கள்.

உங்கள் வகுப்பில் யாராவது ஒருவர் தனியாக, வாடிய முகத்தோடு உட்கார்ந்திருக்கலாம். நாளை பள்ளிக்குப் போனதும் அவரிடம் பேசுங்கள். "நாளைக்கும் சேர்ந்து சாப்பிடலாம், வா" என்று சொல்லுங்கள். டூஹன் செய்ததும் அதைத்தான். அதற்கு விண்வெளிக் கப்பல் வேண்டுமா என்ன?