ஊரே ஒதுங்கியது; ஒரு சொல் பிறந்தது!

"பாய்காட்" என்ற ஆங்கிலச் சொல்லைக் கேள்விப்படாதவர்கள் குறைவு.

பிடிக்காத கூட்டத்துக்குப் போகாமல் இருந்தால், பாய்காட். ஒரு சரக்கை வாங்க மறுத்தால், அதுவும் பாய்காட். தமிழில் பகிஷ்காரம், புறக்கணிப்பு என்கிறோம்.

ஆனால், அது முதலில் ஒரு மனிதரின் பெயர்!

குத்தகைத் தகராறு

சார்லஸ் பாய்காட் ஓர் இங்கிலாந்துக்காரர். 1832-ல் பிறந்தவர். சிறிது காலம் பட்டாளத்தில் இருந்தார். அதனால் "காப்டன்" என்று அழைக்கப்பட்டார்.

பிறகு அவர் அயர்லாந்துக்குப் போனார். அங்கே மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்கள் இருந்தன. பிரபுவின் ஏஜெண்டாக இருந்து குத்தகை வசூலிப்பது பாய்காட்டின் வேலை.

1879-ல் அயர்லாந்தில் விளைச்சல் பொய்த்தது. உழவர்கள் சோற்றுக்குத் திண்டாடினார்கள். மறு ஆண்டு, குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்கும்படி கேட்டார்கள். 10-க்கு மேல் குறைக்கப் பிரபு மறுத்தார். 1880 செப்டம்பரில், நிலத்தை விட்டு வெளியேறும்படி நோட்டீசு கொடுக்க ஆள் வந்தது. பெண்கள் கல்லும் மண்ணும் வீசி விரட்டினார்கள்.

"பேசாதீர்கள்!"

அதே மாதம் என்னிஸ் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. உழவர் தலைவர் பார்னெல் பேசினார். ஒருவனை வெளியேற்றிவிட்டு, அந்த நிலத்தை இன்னொருவன் எடுத்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். "கொல்ல வேண்டும்" என்று குரல் எழுந்தது.

அதைவிட நல்ல வழி இருக்கிறது என்றார் பார்னெல். தெருவில், கடையில், கோவிலில் எங்கே கண்டாலும் அவனை ஒதுக்கி வையுங்கள் என்றார்.

மேயோ மக்கள் அந்த வழியைப் பாய்காட் மீது திருப்பினார்கள்!

வேலைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். கடைக்காரர்கள் சாமான் தரவில்லை. துணி வெளுக்க ஆள் இல்லை. வயலில் விளைந்தது அப்படியே நின்றது.

ஒரு கிழங்கு, ஒரு ஷில்லிங்!

நவம்பரில் வெளியூரிலிருந்து 50 பேர் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காவல், பட்டாளத்தாரும் போலீசாருமாகச் சுமார் 1,000 பேர்!

அறுவடையான பயிரின் மதிப்பு சுமார் 500 பவுன். ஆன செலவோ 10,000 பவுன். தோண்டிய ஒவ்வொரு கிழங்குக்கும் ஒரு ஷில்லிங் செலவு என்று பார்னெல் கேலி செய்தார்.

அறுவடை முடிந்ததும் பாய்காட் குடும்பத்தோடு புறப்பட்டார். வண்டி ஓட்டக்கூட உள்ளூரில் யாரும் வரவில்லை. பட்டாளத்து வண்டியில்தான் போனார்.

பாதிரியார் தந்த சொல்

இந்தப் போராட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது? ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் யோசித்தார். ஒதுக்கி வைப்பதற்கு ஆங்கிலத்தில் "ஆஸ்ட்ரசைஸ்" என்ற சொல் உண்டு.

அது படிக்காத உழவர்களுக்குப் புரியாது என்றார், அவ்வூர்ப் பாதிரியார் ஓமாலி. "பாய்காட் செய்வது" என்று சொல்லலாமே என்றார்.

அந்தச் சொல் சில வாரங்களில் பத்திரிகைகளில் ஏறியது. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஜப்பான் மொழிகளிலும் புகுந்தது. 1905-ல் வங்காளத்தைப் பிரித்தபோது, அன்னியத் துணியை வாங்க மறுத்த நம் நாட்டு மக்களும் அதையே முழங்கினார்கள்.

1881-ல் அயர்லாந்துக்குப் புதிய நிலச் சட்டம் வந்தது. நியாயமான குத்தகையை முடிவு செய்யக் கோர்ட்டு ஏற்பட்டது.

பாய்காட் 1897-ல் இங்கிலாந்தில் காலமானார். எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களுக்காக உண்டான சொல், இன்று எல்லா அகராதிகளிலும் இருக்கிறது.