நெகட்டிவ் இரத்த வகைத் தாய்க்கு ஏன் அந்த ஊசி?

"பிரசவம் நல்லபடியாக முடிந்தது, தாயும் சேயும் நலம். பிறகு எதற்கு இன்னோர் ஊசி?" ஆர்எச் நெகட்டிவ் இரத்த வகை கொண்ட தாய்மாரின் குடும்பத்தார் மகப்பேறு வார்டில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கான விடை ஆன்டிஜென் என்னும் சொல்லில் அடங்கியுள்ளது.

நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டி, எதிர்ப்பொருள்களை உருவாக்கச் செய்யும் பொருளே ஆன்டிஜென். கிருமிகளில் மட்டுமன்றி, நமது இரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பிலும் ஆன்டிஜென்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று 'டி'. அது உள்ளவர் பாசிட்டிவ், இல்லாதவர் நெகட்டிவ். இந்தியரில் ஏறத்தாழ 100 பேரில் 5 பேர் நெகட்டிவ். இது நோயன்று, குறையுமன்று.

தந்தை பாசிட்டிவாக இருப்பின் குழந்தையும் பாசிட்டிவாக இருக்கக்கூடும். கருவில் தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் தனித்தனியே ஓடுகின்றன. ஆயினும் பிரசவத்தின்போதும், சிலருக்குக் கர்ப்பத்தின் பிற்பகுதியிலும், குழந்தையின் சிவப்பணுக்கள் சிறிதளவு தாயின் இரத்தத்தில் கலந்துவிடும். அதுவரை கண்டிராத டி ஆன்டிஜெனைத் தாயின் உடல் அயற்பொருளாகக் கொள்கிறது. பி லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் பெருகி எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன. அவற்றுள் சில நினைவணுக்களாகத் தங்கிவிடுகின்றன. இதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆதலால் முதல் குழந்தைக்குப் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை.

அடுத்த குழந்தையும் பாசிட்டிவாக அமைந்தால் நிலைமை வேறு. நினைவணுக்கள் விரைந்து செயல்படுகின்றன. எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து, குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கின்றன. இரத்தசோகை, கடும் மஞ்சள் காமாலை, சில வேளைகளில் உயிரிழப்பும் நேரலாம்.

ஆன்டி-டி ஊசி இதனைத் தடுக்கிறது. அதில் இருப்பவை ஆயத்த நிலையிலுள்ள எதிர்ப்பொருள்கள். தாயின் இரத்தத்தில் கலந்த சேயின் சிவப்பணுக்களை அவை பற்றிக்கொள்ள, அவ்வணுக்கள் நினைவில் பதியும் முன்னரே அகற்றப்படுகின்றன. பொதுவாகக் கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்தில் ஒரு முறையும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் எனில் 72 மணி நேரத்துக்குள் மறுமுறையும் இவ்வூசி போடப்படுகிறது. நினைவணுக்கள் உருவான பின்னர் இவ்வூசியால் பயனில்லை. எனவேதான் இந்தக் காலக்கெடு.

கருச்சிதைவு, கருக்கலைப்பு, கருக்குழாய்க் கர்ப்பம், கர்ப்பகாலத்தில் வயிற்றில் அடிபடுதல் ஆகியவற்றின்போதும் இரத்தம் கலக்கக்கூடும். ஆகவே, முன்னர் நிகழ்ந்த கருச்சிதைவையோ கருக்கலைப்பையோ மருத்துவரிடம் மறைக்க வேண்டா. வீட்டாரின் முன் சொல்லத் தயக்கமாயின், தனியே பேச வேண்டும் எனக் கேளுங்கள்.

எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவாகியிருப்பின் இரத்தப் பரிசோதனை அதனைக் காட்டிவிடும். அத்தாய்மாரும் மனம் தளர வேண்டியதில்லை. ஸ்கேன் வாயிலாகக் குழந்தையைக் கண்காணித்து, தேவைப்படின் கருப்பையில் இருக்கும்போதே அதற்கு இரத்தம் ஏற்றும் சிகிச்சையும் உண்டு. உங்கள் இரத்த வகையையும், ஊசி போட்டுக்கொண்ட நாளையும் கர்ப்பகால அட்டையில் குறித்து வையுங்கள். அடுத்த குழந்தைக்கு நீங்கள் இப்போதே அளிக்கும் காப்பு அது.